முதல் தலைமுறைப் பிள்ளையும் மருத்துவக் கல்லூரியும்

(விழாவை முன்னிட்டுக் கடம்பத்தூர்ப் பங்கில் நடைபெற்ற பெற்றோர், மாணவர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழா என்றால் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் பொது விருந்தும் இருக்கத்தான் செய்யும். அவற்றின் நடுவே ஒரு மாலைப் பொழுதைப் பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்கிய பங்குப் பேரவையாரை முதற்கண் பாராட்டுகிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். இதுவரை எவரும் கல்லூரி வாசலை மிதித்திராத ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல முடியுமா? முடியும் என்றால் அதற்கு வழி எது?

இந்தக் கேள்வியை நாம் தேடிப் போய்ப் பிடித்து வரவில்லை. அதுவே நம் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள் ஒரு தகப்பனார் வருகிறார். "சாமி, பாப்பா நல்ல மார்க் எடுத்திருக்கா. டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்றா. என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறார். அவர் முகத்தில் பெருமை இருக்கிறது. கூடவே ஒரு கலக்கமும் இருக்கிறது. ஏழாண்டுகளுக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் அன்றைக்குக் கேட்கிறார். அது அவர் குற்றமன்று. அப்படி ஒரு கேள்வி உண்டு என்று அவரிடம் அதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

நம் பங்கிலுள்ள வீடுகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் ரயிலேறி அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போய், இரவு ஷிப்ட் முடித்துச் சிவந்த கண்ணோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காண்டிராக்ட் வேலை பார்க்கிறவர்கள், செங்கற்சூளையிலும் வயலிலும் கூலிக்கு நிற்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் என்று பலர் இருக்கிறார்கள். இவர்களுடைய பிள்ளைகளுக்கு மூளை குறைவா? குறைவு என்று சொல்பவர் நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பாடப்பிரிவு எடுப்பது, எந்தத் தேர்வு எழுதுவது, எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது என்பதெல்லாம் சோறு உண்ணும்போதே காதில் விழுந்துவிடுகின்றன. நம் பிள்ளைக்கு அவற்றை யார் சொல்வார்? ஆகவே நாம் சொல்ல வந்ததை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். பணம் ஒரு தடைதான். ஆனால் பணத்தினும் பெரிய தடை, வீட்டில் வழி தெரிந்தவர் ஒருவரும் இல்லாமை. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய கடமை இந்தப் பங்குக்கு உண்டு.

முன்னே நடந்தவர்கள்

சென்னை மருத்துவக் கல்லூரி 1835ஆம் ஆண்டு தோன்றியது. அதில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1875இல். அன்று சேர்ந்தவர்கள் நால்வர். 1907ஆம் ஆண்டு புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் அக்கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயார் தேவதாசி மரபில் பிறந்தவர். ஆகவே ஊர் ஏச்சுக்குப் பஞ்சமில்லை. அதற்கு முன்னர், ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டைக் கல்லூரியில் அவர் படிப்பதற்கு மன்னரின் அனுமதி வேண்டியிருந்தது. பின்னாளில் சென்னை அடையாற்றில் 1954ஆம் ஆண்டு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவி, எண்ணற்ற ஏழைகளுக்கு உயிர்ப்பிச்சை கிடைக்கச் செய்தவர் அவரே.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முத்துலட்சுமியின் தந்தையார் கல்வித் துறையில் இருந்தவர். கல்லூரி என்றால் என்ன, யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தவர். அத்தனை துணிச்சலும் அறிவும் வாய்ந்த பெண்ணுக்குங்கூட வழி தெரிந்த ஒருவர் அருகில் தேவைப்பட்டார் அல்லவா? நம் பிள்ளைக்கு மட்டும் தேவைப்படாதா?

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918ஆம் ஆண்டு பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அம்மையாரின் தந்தையும் பாட்டனும் மருத்துவர்கள். அவருக்கு வழி பரம்பரையாகவே தெரியும். அந்த வழியை அவர் தம் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், மருத்துவப் படிப்பைக் கனவிலும் காணாத பெண்களுக்குத் திறந்துவிட்டார். இன்று சி.எம்.சி. என்று உலகம் அறிந்த நிறுவனம் அவ்வாறு வளர்ந்ததுதான்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்க நாட்டில் ஸ்பானிய மொழி வழிவந்த மக்கள், நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்நாட்டு மருத்துவர்களுள் அவர்கள் நூற்றுக்கு 7 பேர் அளவிலேயே இருக்கிறார்கள். அவர்களுள் பலர் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே முதல் தலைமுறைப் பிள்ளை வாசலில் தயங்கி நிற்கிறது என்றால், கடம்பத்தூர்ப் பிள்ளை தயங்குவதில் வெட்கப்பட ஏதும் இல்லை.

வாசல் மாறிய கதை

நம் மாநிலத்தில் மருத்துவக் கல்லூரியின் வாசல் பலமுறை மாறியிருக்கிறது. 1984ஆம் ஆண்டு தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. நகரத்துப் பிள்ளைகள் பயிற்சி வகுப்புக்குப் போனார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். 2006இல் சட்டமியற்றி அத்தேர்வை அரசு நீக்கியது. அதன்பின் பத்தாண்டு காலம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே இடம் கிடைத்து வந்தது. 2017ஆம் ஆண்டு முதல் நீட் எனப்படும் நாடு தழுவிய தேர்வு நம் மாநிலத்துக்கும் வந்துவிட்டது.

அவ்வாண்டு நடந்ததை நாம் மறக்க இயலாது. அரியலூர் மாவட்டம் குழுமூரில் சுமை தூக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்த அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். பழைய முறையில் அவருக்கு இடம் உறுதி. புதிய முறையில் இடம் இல்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அந்தப் பெண் 2017 செப்டம்பர் 1ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 2022இல் அதே அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பெயர் இருக்கிறது, பிள்ளை இல்லை. பெற்றோர்களே, இதை உங்கள் உள்ளத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றிப் பின்னர் மறுபடியும் பேசுவோம்.

நீட் தேர்வின் விளைவை ஆராய நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் அரசு அமைத்த குழு 2021இல் அறிக்கை தந்தது. மருத்துவப் படிப்பில் சேர்ந்தோருள் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் முன்பு ஏறத்தாழ நால்வரில் ஒருவராக இருந்தனர். 2020-21இல் ஏழு பேரில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தனர். தமிழ் வழியில் படித்தவர்கள் நூற்றுக்கு 15 பேரளவில் இருந்தது 2 பேரளவுக்கு வீழ்ந்தது. சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் ஒரு முறைக்கு மேல் தேர்வு எழுதியவர்கள் என்றும் அக்குழு கண்டது. ஓராண்டு வீட்டிலிருந்து, பணம் கட்டிப் பயிற்சி பெற்று, மறுபடியும் எழுத யாரால் முடியும்? அன்றாடம் காய்ச்சியின் பிள்ளையால் முடியுமா?

இத்தேர்விலிருந்து விலக்கு வேண்டிச் சட்டமன்றம் 2021இலும், மறுபடியும் 2022இலும் மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு கிடைக்கவில்லை என்ற செய்தியை 2025 ஏப்ரலில் அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. நீட் நியாயமா, அநியாயமா என்ற வாதம் நாட்டில் நடக்கட்டும், நடக்கவும் வேண்டும். ஆனால் வாதம் முடியும் வரை நம் பிள்ளையின் வயது காத்திருக்காது. இன்று திறந்திருக்கும் வாசல் எதுவோ அதன் வழியாகத்தான் அது போக வேண்டும்.

ஏழரை விழுக்காடு

அந்த வாசலில் ஒரு சிறு கதவு 2020இல் திறந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் அது. அதற்கு முன் நீட் தேர்வின் வழியாக அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே 313 எம்.பி.பி.எஸ். இடங்களும் 92 பல் மருத்துவ இடங்களும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பும் வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நம் திருச்சபை நடத்தும் பள்ளிகளில் பெரும்பாலானவை உதவி பெறும் பள்ளிகளே என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை, தாயார் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவி வளர்த்த பிள்ளை, கன்னியர் நடத்தும் உதவி பெறும் பள்ளியொன்றில் படித்தாள். அந்தப் பள்ளி அவளுக்கு ஒழுக்கமும் தந்தது. நல்ல படிப்பும் தந்தது. ஒரு பைசா கட்டணமும் வாங்கவில்லை. நீட் தேர்வும் எழுதினாள். அவள் எடுத்த மதிப்பெண் 7.5 விழுக்காட்டுப் பட்டியலில் இடம் பெறப் போதுமானது. பொதுப் பட்டியலிலோ எட்டாத் தொலைவு. அவளோடு ஒரே தெருவில் வளர்ந்து, அரசுப் பள்ளியில் படித்து, அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த தோழிக்கு இடம் கிடைத்தது. தோழி மீது அவளுக்குப் பொறாமையில்லை. "இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா...?" என்று மட்டும் கேட்டாள். அவள் இசைவு பெற்றே இதை இங்குச் சொல்கிறோம். இன்று அவள் செவிலியர் படிப்பில் சிறந்து விளங்குகிறாள். அதில் நமக்குப் பெருமையே. ஆயினும் அந்தக் கேள்வி நம் செவியை விட்டு அகலவில்லை.

நம் பள்ளிகளை நாம் குறைத்துப் பேசவில்லை. கல்வி எட்டாத சேரிகளுக்கும் காலனிகளுக்கும் எழுத்தறிவைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அவை. அங்குப் படிக்கும் பிள்ளைகளும் ஏழைகளே, கட்டணமின்றிப் படிப்பவர்களே. ஆகவே உதவி பெறும் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகளையும் இச்சலுகையில் சேர்க்க வேண்டும் எனக் கேட்பது நியாயமான கோரிக்கை. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டுமே இருந்தது. 2024இல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அங்கே விரிந்த மனம் இங்கேயும் விரியலாம். அதற்காகக் குரல் கொடுப்போம்.

ஆனால் அது நடக்கும்வரை, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் உண்மையை மறைப்பது தகுமா? உங்கள் வீடு வசதியற்ற வீடு, உங்கள் பிள்ளைக்கு மருத்துவ ஆசை உண்டு, அருகிலுள்ள அரசுப் பள்ளி நன்றாக நடக்கிறது என்றால், ஆறாம் வகுப்பில் அங்கே சேர்ப்பதைப் பற்றி நன்கு சிந்தியுங்கள். கத்தோலிக்கக் குருவே இப்படிச் சொல்லலாமா என்று யாரேனும் கேட்பார்களானால், நம் மறுமொழி இது: பள்ளிக்காகப் பிள்ளை அன்று, பிள்ளைக்காகவே பள்ளி. மறைக்கல்வியைக் கோயிலில் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு நாம் இருக்கிறோம்.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

முதலாவது, ஆறாம் வகுப்பு. அதைச் சொல்லிவிட்டோம்.

இரண்டாவது, பதினோராம் வகுப்பு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் உள்ள பிரிவில் சேர வேண்டும். "கஷ்டமாம், வேண்டாம்" என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு வேறு பிரிவில் சேர்த்துவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

மூன்றாவது, தேர்வு. இப்போதைய முறைப்படி 180 வினாக்கள், மூன்று மணி நேரம், மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பார்கள். ஆகவே தெரியாததைத் தொடாமல் விடுவதும் ஒரு கலையே. பாதி வினாக்கள் உயிரியலிலிருந்து வரும். வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம். ஆனால் விண்ணப்பிக்கும்போதே தமிழைத் தெரிவு செய்திருக்க வேண்டும். 7.5 விழுக்காட்டில் இடம் பெறுவதற்கும் இத்தேர்வில் தகுதி பெற்றே ஆக வேண்டும்.

நான்காவது, விண்ணப்பம். நீட் எழுதிவிட்டால் கல்லூரியிலிருந்து கடிதம் தானாக வரும் என்று எண்ணிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். அப்படி வராது. நீட் முடிவு வந்தபின் நம் மாநிலத் தேர்வுக் குழுவுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு 85 மாநிலத்துக்கும் 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் உரியவை. அகில இந்திய இடங்களுக்கு விண்ணப்பம் வேறு. கடைசி நாள் தவறினால் கதவு மூடிக்கொள்ளும்.

ஐந்தாவது, சான்றுகள். இங்கேதான் நம் பிள்ளைகள் மிகுதியாகத் தடுக்கி விழுகிறார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று ஆகியவை வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு ஓபிசி சான்று என்று தனியே ஒன்று உண்டு. இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் அலைந்து பெறுவதற்கு நாளாகும். பதினோராம் வகுப்பு விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.

பெயரைப் பாருங்கள்! கோயில் பதிவேட்டில் மரிய செல்வம், பள்ளியில் செல்வி, ஆதாரில் எஸ். மேரி செல்வி என்று மூன்று பெயரில் ஒரே பிள்ளை இருந்தால், நாளைக்கு அதிகாரி எப்படி ஏற்றுக்கொள்வார்? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாவதற்கு முன் தலைப்பெழுத்து உட்பட அனைத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

சாதிச் சான்றைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசிவிடுவோம். ஆதிதிராவிடர் குலத்தில் பிறந்து கிறித்தவம் தழுவியவர்கள் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையே இதற்குக் காரணம். பின்னர் 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழங்கப்பட்ட உரிமை கிறித்தவருக்கு வழங்கப்படவில்லை. இந்த அநீதிக்கெதிராகத் திருச்சபை பல்லாண்டுகளாகக் குரல் எழுப்பி வருகிறது. ஆனால் அதற்காக, ஞாயிறுதோறும் கோயிலில் இருந்துகொண்டே சான்றில் மட்டும் வேறு மதம் எழுதுவது பெரும் இடரில் கொண்டுபோய் விடும். சலுகைக்காக மட்டும் அவ்வாறு செய்வதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் வன்மையாகக் கண்டித்துள்ளது. பாதிப் படிப்பில் பிள்ளையின் இடம் பறிபோகும் நிலை வர வேண்டுமா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பணம்

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரக்கணக்கில் அடங்கிவிடும். தனியார் கல்லூரியிலோ இலட்சக்கணக்கில் போகும். நீட் முடிவு வந்த வாரத்தில் "சீட் வாங்கித் தருகிறேன்" என்று தரகர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். அவர்களிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வட்டிக்கடைக்காரர் வாசலில் நிற்காதீர்கள். இடம் கலந்தாய்வின் வழியாக மட்டுமே கிடைக்கும்.

நம் திருவள்ளூரிலேயே 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அவ்வாண்டு மாநிலத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று; 100 இடங்களோடு தொடங்கியது. கடம்பத்தூரில் ரயிலேறினால் சில நிமிடத் தொலைவுதான். வீட்டுச் சோறு தின்று டாக்டருக்குப் படிக்கலாம் என்ற நிலை நம் பாட்டன் காலத்தில் உண்டா?

நம் திருச்சபைக் கல்லூரிகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியை இந்திய ஆயர் பேரவை 1963இல் நிறுவியது. அங்கே கத்தோலிக்க மாணவர்க்கு இடங்கள் உண்டு. திருமுழுக்குச் சான்றும் பங்குத் தந்தையின் கடிதமும் கேட்பார்கள். ஆனால் கடிதத்தால் மட்டும் இடம் கிடைக்காது. அங்கும் சரி, வேலூர் சி.எம்.சி.யிலும் சரி, நீட் மதிப்பெண்ணே முதற் கேள்வி. படித்து முடித்தபின் ஏழைகள் நடுவே பணி செய்ய வேண்டும் என்ற கடப்பாடும் அங்கு உண்டு.

கிடைக்காவிட்டால்?

முன்னர்ச் சொன்ன அனிதாவின் நினைவுக்கு மீண்டும் வருகிறோம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தேர்வு எழுதிவிட்டு வீடு திரும்பும்போது "எத்தனை வரும்?" என்று கேட்காதீர்கள், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். "உனக்காக எவ்வளவு செலவு செய்தோம்" என்ற சொல் எந்தத் தகப்பனார் வாயிலிருந்தும் வரக்கூடாது. முதல் தலைமுறைப் பிள்ளை தன் கனவை மட்டும் சுமந்து போகவில்லை. வீட்டின் கனவு, தெருவின் கனவு, சில வேளைகளில் சாதிசனத்தின் கனவு அத்தனையையும் தலையில் சுமந்துதான் தேர்வு மண்டபத்துக்குள் போகிறது. பாரம் அதிகமானால் கழுத்து ஒடியும். முடிவு வெளியாகும் இரவில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மனம் நொந்து பேசினால் 104 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும்; எந்த நேரமானாலும் பங்கு இல்லத்துக்கும் வரலாம்.

மாணவச் செல்வங்களே, ஒரு முறை தவறினால் மறுமுறை எழுதலாம். வயது மேல்வரம்பு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் இரண்டாம் முறை எழுதுவதை யோசித்துச் செய்யுங்கள். இடத்துக்கு அருகில் வந்து நின்றவர் மறுபடியும் முயலலாம். வெகு தொலைவில் நின்றவர் ஆசிரியரிடம் மனம் விட்டுப் பேசட்டும். நோயாளியின் அருகில் நிற்பவர் டாக்டர் மட்டுமல்லர். செவிலியர், மருந்தாளர், பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பர், இயன்முறை மருத்துவர் என்று எத்தனையோ பேர் நிற்கிறார்கள். நம் மாநிலத்தில் பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே இடம் கிடைத்து வந்திருக்கிறது. டாக்டராகாதவர் தோற்றவர் என்ற எண்ணம் எந்த வீட்டிலும் இருக்க வேண்டாம்.

பெண்பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டுகள். "அதுக்குள்ள வயசு ஏறிடுமே, யார் கட்டிக்குவாங்க?" என்ற பேச்சு எழும். பதினெட்டு வயதில் சேரும் பெண் இருபத்து நான்கு வயதுக்குள் டாக்டராகிவிடுவாள். அதற்குப் பிறகு திருமணத்துக்கு நாள் இல்லையா என்ன?

பங்கு செய்ய வேண்டியது

கேட்டுவிட்டுக் கலைந்து போவதற்காக இக்கூட்டத்தைக் கூட்டவில்லை. பங்குப் பேரவை ஏற்றுக்கொண்ட மூன்று செய்திகளை அறிவிக்கிறோம்.

ஒன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில், ஐந்தாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, அவ்வாண்டு நடைமுறையில் உள்ள விதிகளை எடுத்துச் சொல்வோம். விதிகள் மாறும், சென்ற ஆண்டு கேட்டதை நம்பி இவ்வாண்டு இருந்துவிடக் கூடாது. கிறித்தவர் மட்டுமல்ல, ஊரிலுள்ள எல்லாப் பெற்றோரும் வரலாம்.

இரண்டு. சான்று பெறவும் கணினியில் விண்ணப்பிக்கவும் உதவ, கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவார்கள். எழுத்துப் பிழைக்காக ஒரு பிள்ளையின் ஓராண்டு வீணாகக் கூடாது.

மூன்று. பங்கு மண்டபம் மாலை ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும். ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சிச் சத்தத்தின் நடுவே, இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்கு நாம் தரக்கூடியது ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, மூன்று மணி நேர அமைதி. இவ்வாண்டு தேர் அலங்காரச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்து மேசை நாற்காலி வாங்கலாம் என்று பேரவையில் எழுந்த யோசனையை நாம் முழு மனதோடு வரவேற்கிறோம். தேருக்குப் பூ குறைந்ததென்று எந்தப் புனிதரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த ஊரிலிருந்து நாளைக்கு ஒரு பிள்ளை டாக்டராகும். அந்தப் பிள்ளை எந்த வீட்டில், எந்தத் தெருவில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இந்நேரம் அது ஐந்தாம் வகுப்பில், ஓட்டைச் சிலேட்டுப் பலகையோடு விளையாடிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளை பின்னொரு நாள் "எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்று நம்மைப் பார்த்துக் கேட்காதபடி நடந்துகொள்வோம். வழி தெரிந்துகொண்ட ஒவ்வொருவரும், கோயிலை விட்டு வெளியே போனதும், தெரியாத ஒரு வீட்டுக்குச் சொல்லுங்கள். இன்றிரவே சொல்லுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குத் தெளிந்த அறிவையும், பெற்றோருக்குப் பொறுமையையும் அருள்வாராக.